சிற்றலைக்கு ஏற்ற பலகை

நம் சங்கச் செயலாளர் ஒரு நாள் இரவு உணவுக் கூடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும். கடலைப் படிக்கிறவன் நீ. கடலைப் பற்றியே எழுதேன்" என்றார்.

"கடல் பெரிது. நீ கொடுப்பதோ நாலு பக்கம்" என்றேன்.

"அப்படியானால் சின்ன அலையைப் பற்றி எழுது" என்று சொல்லிவிட்டுச் சாம்பார் வாளியைத் தேடிப் போய்விட்டார்.

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் சின்ன அலையைப் பற்றிச் சொல்ல என்னிடம் உண்மையிலேயே ஒரு கதை இருந்தது. கொஞ்சம் வெட்கமான கதைதான். இருந்தாலும், அலைச்சறுக்கு விளையாட்டில் ஆசை கொண்ட மாணவர்கள் நம் விடுதியிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். நான் இழந்த பணத்தையும் மானத்தையும் அவர்களாவது இழக்காமல் இருக்கட்டும் என்று எழுதத் துணிந்தேன்.

என் ஊர் கடலூருக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். தாத்தா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது எனக்கு நடக்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பின் எங்கள் கரையில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. அப்பா அந்தப் படகுகளைப் பழுது பார்க்கும் தொழிலில் இறங்கினார். "நமக்குத்தான் கடல் என்று ஆகிவிட்டது. உனக்கு வேண்டாம். நீ படி" என்று சொல்லித்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். நான் போய்ப் படித்ததோ பௌதிகக் கடலியல்! அதைக் கேட்டு அப்பா வெகு நேரம் சிரித்தார். பிறகு, "கரையில் உட்கார்ந்து படிக்கிற கடல்தானே? படி" என்றார்.

இப்படியாக விசாகப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தேன். நகரத்தின் வடக்கே ருஷிகொண்டாக் கடற்கரை இருப்பது உங்களுக்குத் தெரியும். முதலாண்டில் நண்பர்களோடு அங்கே போகும்போதெல்லாம், பலகை மீது நின்றுகொண்டு அலையில் வழுக்கி வரும் தெலுங்கு இளைஞர்களைப் பார்த்து வியந்து நிற்பேன். அந்த வியப்பு ஆசையாக மாறியது 2025 ஆகஸ்டில். மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் கர்நாடகத்து ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் வென்றார் என்ற செய்தி வந்த மாதம் அது. நம் வங்கக் கடலில், நம் கரையில், நம் நாட்டவர் ஒருவர் வென்றிருக்கிறார்! இனி நான் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதாவது என்று தோன்றிவிட்டது.

அன்று முதல் இரவெல்லாம் கைத்தொலைபேசியில் போட்டிப் படங்களைப் பார்க்கத் தொடங்கினேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன் முதலாக அலைச்சறுக்கு சேர்க்கப்பட்டு, 2021 ஜூலையில் சூரிகசாகிக் கடற்கரையில் நடந்தது. அதன் இறுதிப் போட்டியில் பிரேசில் நாட்டு இடாலோ ஃபெரேராவின் பலகை முதல் அலையிலேயே முறிந்து போயிற்று. அவர் வேறொரு பலகையை எடுத்துக்கொண்டு போய்த் தங்கப் பதக்கமே வென்றுவிட்டார். அந்தக் காட்சியை நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். கூர்மூக்கும் மெல்லிய உடலும் கொண்ட அந்தக் குட்டைப் பலகைதான் என் கண்ணிலேயே நின்றது. போட்டியின் கடைசி நாட்களில் ஒரு புயல் வந்து அங்கே அலைகளைப் பெருக்கிக் கொடுத்திருந்தது என்ற விஷயத்தை மட்டும் நான் கவனிக்கவில்லை.

நிற்க. அந்தச் சமயத்தில் என் பழைய லேப்டாப் உயிரை விட்டிருந்தது. ஆய்வறிக்கைக்கு வேண்டிய கணக்குகளையெல்லாம் அதில்தான் போட வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். இரண்டு படகுகளுக்கு வேலை செய்து வந்த கூலியில் 20,000 ரூபாய் அனுப்பினார். "பழையதாக இருந்தாலும் நல்லதாகப் பார்த்து வாங்கு" என்றார்.

அந்த வாரமே ஒருவர் தம் பலகையை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். விலை 16,000 ரூபாய். நீளம் 5 அடி 10 அங்குலம், அகலம் 18½ அங்குலம், கனம் 2¼ அங்குலம், கொள்ளளவு 26 லிட்டர். ஒலிம்பிக் படத்தில் பார்த்ததற்கு உடன்பிறந்ததுபோல் இருந்தது. விற்றவர் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் முறையாகத்தான் கேட்டார்: "உங்கள் எடை என்ன? எத்தனை காலமாகச் சறுக்குகிறீர்கள்?" என் எடை 74 கிலோ. "அறுபது" என்றேன். அலைச்சறுக்கில் என் அனுபவம் பூஜ்யம். "இரண்டு வருஷம்" என்றேன். லேப்டாப்பை அடுத்த மாதம் எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். ஆக, ஒரு பலகை வாங்குவதற்குள் மூன்று பொய்கள்: விற்றவரிடம் இரண்டு, அப்பாவிடம் ஒன்று.

அந்தப் பலகையில் ஒரு சௌகரியம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பீமிலி போகும் பஸ்ஸில் அது ஏறும். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் போடுவார். என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்ப்பார். ஒன்பதடிப் பலகையை எந்தக் கண்டக்டரும் ஏற்றமாட்டார். குட்டைப் பலகையை நான் வாங்கியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்லிக்கொண்டேன்.

மார்கழிக் கடைசியில் கடலில் இறங்கினேன். நம் வங்கக் கடல் தென்மேற்குப் பருவக் காலத்தில் எழும்பும். புயல் மாதங்களில் சீறும். தை, மாசியில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். நான் இறங்கியது அடங்கிய கடலில். அலைகள் முழங்காலுக்கு மேல், இடுப்புக்குக் கீழ். 'ஆரம்பிக்கிறவனுக்கு இதுதான் ஏற்ற சமயம்' என்று மகிழ்ந்தேன். கடலைப் பொறுத்தவரை அந்த எண்ணம் சரிதான்.

பலகை மீது குப்புறப் படுத்தேன். அது என் அடியில் மெதுவாக முழுகிற்று. நெஞ்சளவு தண்ணீரில் படுத்தபடி இரண்டு கையாலும் துழாவினேன். அலை வந்தது, என்னை ஒரு சாண் தூக்கியது, அப்படியே விட்டுவிட்டு அடியில் நழுவிக் கரைக்குப் போய்விட்டது. அடுத்த அலைக்கும் இதே கதி. இன்னும் வேகமாகத் துழாவினால் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். தோள் வலித்ததே தவிர அலை அகப்படவில்லை. எப்போதாவது நுரைத்த அலை ஒன்று தள்ளிக்கொண்டு போகும். எழுந்திருக்க முழங்காலை ஊன்றுவேன். பலகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை தோறும் இப்படி ஆறு வாரம் நடந்தது.

கரையில் பலகைகளை வாடகைக்கு விடும் தெலுங்கு இளைஞன் ஒருவன் உண்டு. பத்தொன்பது வயது இருக்கும். இரண்டாவது வாரமே என்னிடம் வந்து, "சின்ன அல, பெத்த போர்டு, அன்னா" என்றான். சின்ன அலைக்குப் பெரிய பலகை வேண்டுமாம். தெலுங்கு தெரியாதவனுக்கும் விளங்கும் வாக்கியம் அது. ஆனால் எனக்கு விளங்கவில்லை. அவன் காட்டிய ஒன்பதடி நுரைப் பலகையில் அப்போது எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஏறி நின்று வந்துகொண்டிருந்தாள். எம்.எஸ்ஸி. மாணவன், மீனவன் பேரன், அதில் ஏறுவதா? சிரித்து மழுப்பிவிட்டு மறுபடியும் என் பலகையோடு கடலில் இறங்கினேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வார நாட்களில் நான் படித்ததெல்லாம் அலையின் சக்தியைப் பற்றித்தான். லேப்டாப் இல்லாததால் இரவு பதினொரு மணி வரை ஆய்வுக்கூடத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கணக்குப் போடுவேன். "ஏன் இவ்வளவு நேரம்?" என்று காவலர் கேட்பார். "அலைகளைப் பற்றி ஆராய்கிறேன்" என்பேன். ஆராய்ந்தது ஒரு துளியும் ஞாயிற்றுக்கிழமைக்கு உபயோகப்படவில்லை.

மாசி மாதத்தில் அப்பா வந்தார். விழுப்புரத்தில் ரயிலேறி, ஒரு பை நிறையக் கருவாடும் முறுக்கும் கொண்டு வந்தார். அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் காலில் ஏதோ தட்டியது. குனிந்து பார்த்தார்.

"இது என்னடா?"

"அலையில சறுக்குற பலகை, அப்பா. சிநேகிதனோடது."

இது நாலாவது பொய். அப்பா பலகையை வெளியே இழுத்தார். படகு பார்க்கிற பார்வையில் பார்த்தார். விரலால் அங்கங்கே தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ஒரு முனையைக் கண்ணருகே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் வளைவை முழு நீளத்துக்கும் நோட்டம் விட்டார்.

"உன் சிநேகிதன் சின்னப் பையனா?"

"ஏன் அப்பா?"

"இது உன்னை மாதிரி ஆளைத் தாங்காதே. மூக்கு வேற இவ்வளவு தூக்கி இருக்கு. இது பெரிய கடலுக்குச் செஞ்சது."

நான் பேசவில்லை. மறுநாள் காலை, "வா, உன் கடலைப் பார்க்கலாம்" என்றார். பலகையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ருஷிகொண்டாவில் அவர் மணலில் உட்கார்ந்துகொண்டார், நான் இறங்கினேன். வழக்கம் போல் எட்டு அலைகள் என் அடியில் நழுவிப் போயின. அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அப்பா என்னைப் பார்க்கவில்லை, கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடலு சும்மா மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு. நீ கத்தியை எடுத்துக்கிட்டுப் போயி நிக்கிற. கத்தி எங்கடா மிதக்கும்? அகலமா, தட்டையா, நல்ல மிதப்பா ஒண்ணு வேணும். உங்க தாத்தா காலத்துல ஒத்த ஆளுக்கு ஒரு மரம், மூணு ஆளுக்கு வேற மரம். ஆளையும் கடலையும் பார்த்துத்தான் மரம் கட்டுவாங்க. கரைக்கு வந்ததும் கட்டை அவுத்து வெயில்ல காய வைப்பாங்க. தண்ணி குடிச்ச மரம் ஆளைத் தூக்காது." சற்று நேரம் கழித்து, "சிநேகிதனோடதுன்னா திருப்பிக் குடுத்துடு" என்றார்.

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். லேப்டாப் வாங்கவில்லை என்பதையும் சொன்னேன். அப்பா கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு எழுந்து, டீக்கடைக்கு நடந்தார். இரண்டு டீக்கு அவரே காசு கொடுத்தார். அன்று மாலை வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரயில் புறப்படும்போதுதான் ஜன்னல் வழியாகச் சொன்னார்:

"கடலுக்குப் போறது தப்பில்ல தம்பி. பொய் சொல்லிட்டுப் போகாதே. ஒண்ணு ஆச்சுன்னா எங்க வந்து தேடுறதுன்னு எங்களுக்குத் தெரியாது."

நான் அறைக்குத் திரும்பியபோது இரவு ஒன்பது மணி. வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு நோட்டை எடுத்தேன். ஆறு வாரமாகப் போட்டிருக்க வேண்டிய கணக்கை அன்றுதான் போட்டேன். சுருக்கமாகச் சொல்கிறேன், கலைப் பிரிவு மாணவர்களும் பயப்படாமல் படிக்கலாம்.

முதலாவது, மிதப்பு. ஆர்க்கிமிடிஸ் சொன்னதுதான். 26 லிட்டர் பலகை முழுவதும் முழுகினாலும் சுமார் 26½ கிலோ கடல்நீரைத்தான் விலக்கும். பலகையின் சொந்த எடை 3 கிலோ. ஆக, என் எடையில் அது தாங்குவது 23, 24 கிலோ. மீதி 50 கிலோவையும் என் உடம்பே தண்ணீருக்குள் கிடந்துதான் தாங்கிக்கொள்ள வேண்டும். தண்ணீருக்குள் கிடக்கிற உடம்பை இழுத்துக்கொண்டு எப்படி வேகமாகத் துழாவுவது? 75 லிட்டர் நுரைப் பலகையோ, தன் எடை போக ஏறக்குறைய 69 கிலோவைத் தாங்கும். ஆள் தண்ணீருக்கு மேலே படுத்திருப்பான். பலகை நீளமாகவும் இருப்பதால், ஒரு தடவை துழாவினால் வெகு தூரம் வழுக்கும்.

இரண்டாவது, அலையின் சக்தி. அது உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. உயரம் பாதியானால் சக்தி பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். இரண்டடி அலை நாலடி அலையின் தம்பி என்று நினைத்துவிடாதீர்கள். பேரன் என்று சொல்ல வேண்டும். அதன் சரிவும் சாய்வாக இருக்கும். பெரிய அலை செங்குத்தாக எழுந்து ஆளைக் கீழே உருட்டிவிடும். சின்ன அலை கெஞ்சினால்தான் தள்ளும்.

மூன்றாவது, வேகம். அலை தன் உயரத்தைப் போல் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று அதிகமான ஆழத்துக்கு வந்ததும் உடைகிறது. ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து அதன் வேகம் அமைகிறது. அந்தக் கணக்கில், 60 சென்டிமீட்டர் அலை உடையும்போது மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் வரும். 240 சென்டிமீட்டர் அலை சுமார் 20 கிலோமீட்டரில் வரும். பலகை வேகமாக ஓடும்போது தண்ணீர் அதை அடியிலிருந்து மேலே தூக்குகிறது அல்லவா? அந்தத் தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்தையும் பலகையின் பரப்பையும் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால் பங்கு. அதை ஈடு செய்ய நம் கையில் இருப்பது பரப்பு ஒன்றுதான். ஆகவே பலகை அகன்றிருக்க வேண்டும். அந்தத் தெலுங்குப் பையன் நாலு வார்த்தையில் சொன்னதும் அப்பா கத்தி என்று சொன்னதும் இதைத்தான்.

பிறகு தேடிப் படித்தபோது, இதை உலகம் எப்போதோ அறிந்திருக்கிறது என்று தெரிந்தது. அலைச்சறுக்கின் தாயகமான ஹவாய்த் தீவுகளில் பழங்காலத்திலேயே இரண்டு விதப் பலகைகள் இருந்தன. அலாயா என்பது மெல்லிய பலகை. செங்குத்தாக உடையும் அலைக்கு ஏற்றது. ஓலோ என்பது மிக நீண்ட, கனமான பலகை, பிரபுக்களுக்கு உரியது, உடையாமல் மெதுவாக உருண்டு வரும் அலைக்கு ஏற்றது. அங்கே நீளப் பலகை பிரபுக்களின் கௌரவமாக இருந்தது. நானோ அதைச் சிறுமியின் விளையாட்டுச் சாமான் என்று எண்ணியிருந்தேன்! கலிபோர்னியாவில் பாப் சிமன்ஸ் என்ற பொறியியல் அறிஞர், வேகப் படகுகளின் அடிப்பாகத்தைப் பற்றி 1946-இல் வெளிவந்த லிண்ட்சே லார்டின் நூலைப் படித்து, அந்த விதிகளைக் கொண்டே அகலமான பலகைகளைச் செய்தார். 1954-இல் அலையிலேயே உயிரிழந்தார். அவர் வழியில் பிற்காலத்தில் வந்த 'மினி சிமன்ஸ்' என்ற குட்டையான, அகலமான பலகை இன்றும் சின்ன அலைக்குப் பெயர் போனது. 1967-இல் ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர் செய்த 'ஃபிஷ்' பலகையும் மீன்வால் போலப் பிளந்த, அகன்ற வால் கொண்டது.

நண்பர்களே, இனி நீங்கள் பலகை பார்க்கப் போனால் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் எடையை உண்மையாகச் சொல்லுங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு, எடை எத்தனை கிலோவோ அத்தனை லிட்டராவது பலகை இருக்க வேண்டும். சற்று அதிகமிருந்தால் நல்லது. எட்டடியிலிருந்து ஒன்பதடி நீளமும், 22, 23 அங்குல அகலமும், மூன்று அங்குலக் கனமும் கொண்ட நுரைப் பலகை போதும். மேல்பாகம் மெத்தென்று இருப்பதால் அது தலையில் மோதினாலும் காயம் குறைவு. தேர்ந்தவர்கள் தம் எடையில் ஏறக்குறைய 35, 40 சதவிகித லிட்டரிலேயே சமாளிப்பார்கள். அவர்களும் கடல் அடங்கிய நாளில் இரண்டு மூன்று லிட்டர் கூட்டி, அகலம் கூடிய பலகையைத்தான் எடுக்கிறார்கள்.

இரண்டாவதாக, அப்பா செய்தது போல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வளைவைப் பாருங்கள். நீளவாட்டில் உள்ள இந்த வளைவை ராக்கர் என்பார்கள். மூக்கு அதிகம் வளைந்திருந்தால் செங்குத்தான அலையில் இறங்கும்போது குத்திக்கொள்ளாது. ஆனால் சின்ன அலையில் தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டு வேகத்தைக் கெடுக்கும். சின்ன அலைக்குத் தட்டையான பலகைதான் ஓடும். வால்பக்கமும் கூம்பாமல் அகன்றிருக்கட்டும். அலையின் தள்ளுதல் அங்கேதான் விழுகிறது.

மூன்றாவதாக, எடை. பாலியூரித்தேன் நுரையில் செய்த பலகையைவிட, எபாக்ஸி பூசிய பாலிஸ்டைரீன் பலகை இலேசானது. சின்ன அலைக்கு அது உதவும். காற்றடித்துக் கடல் கொந்தளிக்கும் நாளில் அது துள்ளும். பழைய பலகை வாங்குகிறவர்கள் விரிசல் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். விரிசல் வழியே நுரை தண்ணீர் குடித்துவிட்டால், காயாத கட்டுமரத்தின் கதைதான்.

பெரிய பலகைதான் என்றைக்கும் சிறந்தது என்று சொல்லவில்லை. ஆளுயர அலை செங்குத்தாக உடையும் நாளில் ஒன்பதடிப் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தி ஆளைத் தூக்கி எறியும். வருகிற அலைக்கு அடியில் அதை அமுக்கி முழுகவும் முடியாது. அந்த நாளுக்கு என் பழைய பலகை சரி, நான் சரியல்ல.

அந்தப் பலகையை மாசிக் கடைசியில் விற்றேன். வாங்கியவன் 58 கிலோ எடையுள்ள, ஐந்து வருஷம் சறுக்கிய உள்ளூர்ப் பையன். 13,000 ரூபாய் கொடுத்தான். அது அவன் காலடியில் மீன் போல் ஓடுவதைக் கரையில் நின்று பார்த்தேன். கையில் மீதியிருந்த 4,000 ரூபாயையும், இரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த 3,000 ரூபாயையும் கூட்டிப் பங்குனியில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். இந்தக் கட்டுரையை அதில்தான் எழுதுகிறேன்.

சொந்தப் பலகை இப்போது என்னிடம் இல்லை. தெலுங்குத் தம்பியிடம் ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுக்கிறேன். பஸ் கண்டக்டருக்கும் நிம்மதி. முதல் நாள் அவன் அந்த ஒன்பதடிப் பலகையை நீட்டியபோது, "முன்பே சொன்னேனே" என்று சொல்லவில்லை; சிரிக்கவும் இல்லை. அது அவனுடைய பெருந்தன்மை. படுத்தேன், பலகை முழுகவில்லை. இடுப்புக்குக் கீழே ஒரு அலை வந்தது. நாலு தடவைதான் துழாவியிருப்பேன். பலகையின் அடியில் சலசலவென்று ஒரு சத்தம் கேட்டது. எத்தனையோ முறை சமன்பாட்டில் எழுதியிருந்த தூக்கு விசையின் சத்தம் அதுதான் என்று பிறகு உணர்ந்தேன். எழுந்து நின்றேன். கால் நடுங்கியது. கரை மெல்ல என்னை நோக்கி வந்தது.

அன்று மாலை அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எவ்வளவு தூரம் போச்சு?" என்று கேட்டார்.

"இருபது கஜம் இருக்கும், அப்பா."

"எங்கயும் அடி கிடி படலையே?"

"இல்லை அப்பா."

"நீ கடலுக்குப் போனது யாருக்குத் தெரியும்?"

"அறைத் தோழன்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். எத்தனை மணிக்கு வருவேன்னும் சொன்னேன்."

"சரி" என்று சொல்லி, போனை அம்மாவிடம் கொடுத்தார்.